ஹெர்மிஸ் கிடக்கும் ஆழம்

விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே உள்ள மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய கடலும், இலங்கையின் கீழைக் கரையில் மட்டக்களப்பு மக்கள் நாள்தோறும் காணும் கடலும் ஒரே வங்கக் கடலே. இவ்விரு கரைகளையும் வணிகமும் வழிபாடும் இணைத்த வரலாறு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. போரும் அவற்றை இணைத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1782ஆம் ஆண்டு திருகோணமலையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான்தான், மறு ஆண்டு ஜூன் மாதம் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயக் கடற்படையோடு மோதினார். அதற்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு எதிரே மூழ்கடிக்கப்பட்டது. கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், 50 மீட்டருக்கும் சற்று மிகுந்த ஆழத்தில், மணற்படுகையின் மீது ஒருக்களித்துக் கிடக்கும் அதன் உடலைச் சுற்றி இன்று மீன்கூட்டங்கள் திரிகின்றன. கடலடியில் மீன்கள் கூடும் கற்பாங்கான மேட்டைத் தமிழ்க் கரையோர மீனவர்கள் பார் என்பர். போர்க்கப்பலாக 18 ஆண்டுகளே இருந்த ஹெர்மிஸ், பாராக 80 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

கடலூர் மாவட்டத்திலிருந்து அங்கே செல்ல விரும்புவோர்க்கு வழிகள் இரண்டு. சென்னையிலிருந்து விமானத்தில் கொழும்புக்குச் சென்று, கோட்டை நிலையத்தில் உதயதேவி தொடர்வண்டியில் ஏறி, மாகோ, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாகப் பகல் முழுதும் பயணம் செய்து மட்டக்களப்பில் இறங்குவது ஒன்று. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலில் யாழ்ப்பாணக் கரையை அடைந்து, அங்கிருந்து தரைவழியே கீழைக் கரைக்கு வருவது மற்றொன்று. இரண்டாவது வழி நீண்டது, பருவநிலையைப் பொறுத்தது. எனினும் சுஃப்ரானின் காலத்திலும் அதற்கு முன்னும் இவ்விரு கரைகளுக்கும் இடையே நடந்த போக்குவரத்து எத்தகையது என்பதைக் கடலின் மேலிருந்தே உணர விரும்புவோர் அதையே தேர்ந்தெடுக்கலாம். வாவியால் சூழப்பட்ட புளியந்தீவும், அதில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும், நிலவுள்ள இரவுகளில் நீரடியிலிருந்து எழும் ஓசையால் மீன் பாடும் ஊர் என்ற பெயரை மட்டக்களப்புக்குத் தந்த கல்லடிப் பாலமும் பயணிகளை ஓரிரு நாள் நிறுத்திவைக்கக் கூடியவை. அந்தப் பழைய இரும்புப் பாலம் திறக்கப்பட்டதும் ஹெர்மிஸ் கப்பல் பணியில் சேர்க்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 1924இல், நிகழ்ந்தன.

செல்லும் காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். அக்டோபர் முதல் வாடைக் காற்றும் மழையும் கீழைக் கரையைக் கலக்கிவிடுகின்றன. ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் நீர் மங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று இலங்கையின் நடுமலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறத்தில் வறண்ட கச்சான் காற்றாக இறங்கும் மாதங்களில்தான் மட்டக்களப்புக் கடல் தெளிந்து நிற்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முக்குளிப்போர் வரும் காலம் அதுவே. அப்பருவத்திலும் பிற்பகலில் அலை எழும்புவதால், படகுகள் விடிந்ததும் கிளம்பிவிடுகின்றன.

ஹெர்மிஸின் கதையை அறியாமல் அதன் மேல் இறங்குவதில் பொருளில்லை. விமானந்தாங்கி என்னும் ஒரே நோக்கத்துக்காகவே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்டு, 1918ஆம் ஆண்டு ஜனவரியில் கட்டுமானம் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது; அதற்கு முன்னிருந்தவை வேறு வகைக் கப்பல்களை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டவை. முதல் உலகப் போர் முடிந்ததும் பணி தொய்வடைந்ததால், பின்னர் தொடங்கப்பட்ட ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே நிறைவுபெற்று முந்திக்கொண்டது. சுமார் 183 மீட்டர் நீளமுள்ள ஹெர்மிஸ் ஏறத்தாழ 20 விமானங்களை மட்டுமே சுமக்கவல்லது. 1942க்குள் அது காலத்தால் பிந்திய, வேகம் குறைந்த, வான்தாக்குதலை எதிர்க்கப் போதிய பீரங்கிகள் இல்லாத கப்பலாகிவிட்டிருந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 4ஆம் நாள், தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து பறந்த கேட்டலினா ரோந்து விமானத்தின் கனடிய விமானி லியோனார்டு பிர்ச்சால் அந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளானது. 6ஆம் நாள் ஜப்பானின் மற்றொரு படைப்பிரிவு விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கி, வங்கக் கடலெங்கும் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. அடுத்த குறி சென்னையே என்ற அச்சத்தில் அரசு அலுவலகங்கள் நகரை விட்டு நகர்த்தப்பட்டன. மக்கள் உள்நாட்டு ஊர்களை நாடித் தொடர்வண்டிகளிலும் மாட்டுவண்டிகளிலும் வெளியேறினர். தமிழகக் கரையும் ஈழத்தின் கரையும் ஒரே வாரத்தில் ஒரே படையை எண்ணி நடுங்கிய நாட்கள் அவை என்பதை, மட்டக்களப்புக்குச் செல்லும் தமிழகப் பயணி நினைவில் கொள்வது நல்லது.

திருகோணமலை தாக்கப்படும் என்று அறிந்ததும், ஹெர்மிஸ் துறைமுகத்தில் சிக்கிவிடக் கூடாது என்று எண்ணி, ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வேம்பயரைத் துணையாகக் கொடுத்து, 8ஆம் நாள் இரவு அதைக் கரையோரமாகத் தெற்கே அனுப்பினர். அதன் விமானங்கள் கரையில் இறக்கிவிடப்பட்டிருந்தன. விமானங்கள் இல்லாமலே விமானந்தாங்கி கடலுக்குச் சென்றது. 9ஆம் நாள் காலை திருகோணமலை மீது குண்டுகள் விழுந்து முடிந்ததும், கரைப் போர்விமானங்களின் காப்புக்குள் திரும்பிவரும்படி அதற்கு ஆணை வந்தது. ஆனால் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதற்குள் அதைக் கண்டுவிட்டது. காலை பத்தரை மணி அளவில் செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானங்கள் அலையலையாக வந்தன. அடுத்தடுத்து விழுந்த குண்டுகளால் அரை மணி நேரத்துக்குள் ஹெர்மிஸ் மூழ்கியது; சற்றுப் பின் வேம்பயரும் மூழ்கியது. கப்பல்தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோ உட்பட 300க்கும் மேற்பட்டோர் ஹெர்மிஸோடு மாண்டனர். அவ்வழியே வந்த வீட்டா என்னும் மருத்துவமனைக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தனர். மற்றொரு விமானந்தாங்கியின் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கி என்ற இடம் வரலாற்றில் அதற்குரியது. அதே நாளில், அதே கரையோரத்தில், பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்னும் எண்ணெய்க் கப்பலும், ஹாலிஹாக் என்னும் சிறு போர்க்கப்பலும், ஆதெல்ஸ்டேன் என்னும் துணைக்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன.

ஹெர்மிஸ் மூழ்கிய நாளில், இன்றைய முக்குளிப்போர் அதைச் சென்று காணப் பயன்படுத்தும் கருவி இன்னும் உருவாகவில்லை. நீரடியில் தானே மூச்சுவிட்டுத் தடையின்றி நீந்த உதவும் ஸ்கூபா அமைப்பின் முதன்மை உறுப்பான ரெகுலேட்டரை ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் பிரான்சில் உருவாக்கியது 1943இல். சிலிண்டருக்குள் அழுத்தி அடைக்கப்பட்ட காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சரியாக, மூச்சிழுக்கும் கணத்தில் மட்டும் வாய்க்கு வழங்குவதே அதன் வேலை. மன்னார்ச் சலாபத்தில் கல்லைக் காலால் பற்றி இறங்கிய முத்துக்குளிப்போர் ஒரே மூச்சில் செய்ததை, கருவியின் துணையால் நீண்ட நேரம் செய்ய முடிந்தது இவ்வாறுதான். எனினும் கருவி மூச்சுக்குத்தான் வழிசெய்கிறது. அழுத்தத்தை அது நீக்கிவிடுவதில்லை.

இவ்வழுத்தம் எத்தகையது என்பதை நெய்வேலியைச் சுற்றி வாழ்வோர்க்கு எளிதாக விளக்கலாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றாவிட்டால், அது சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்து மேலே பீறிடும் என்பதால்தான் அங்கே இரவு பகலாகப் பம்புகள் ஓடுகின்றன. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கு நிகரான அழுத்தம் ஒன்று கூடுகிறது. ஹெர்மிஸ் கிடக்கும் 53 மீட்டரில் மொத்த அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 6 மடங்குக்கும் மேல். நீரின் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கும் ஒருவர் அங்கே 126 லிட்டரை இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பில் இரண்டு மணி நேரம் வரக்கூடியது, அங்கே இருபது நிமிடம்கூட நீடிக்காது.

காற்றின் அளவைவிட அதன் குணமே பெரிய இடர். அழுத்தம் மிகுந்த நைட்ரஜன் மூளையை மயக்குகிறது. நைட்ரஜன் மயக்கம் எனப்படும் இந்நிலையில், மது அருந்தியவர்போல் முடிவெடுக்கும் திறன் தளர்ந்து, அளவுமானியைப் பார்த்தும் அதிலுள்ள எண்ணைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுவார்கள். மேலும், உடலின் திசுக்களில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வந்தால் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். அழுத்தத் தளர்ச்சி நோய் என்பது அது. படிப்படியாக நின்று நின்று மேலேறுவதால் இதைத் தவிர்க்கலாம் என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். அதற்கான சோதனைகள் ஆடுகளை அழுத்த அறைகளில் வைத்து நடத்தப்பட்டவை. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸின் மேற்பகுதியே அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. ஆகவே அங்கே இறங்குவோர் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் வாயுவையும், ஏறும்போது 21 மீட்டரிலிருந்து பயன்படுத்த 50 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவையையும், 6 மீட்டரில் பயன்படுத்தத் தூய ஆக்சிஜனையும் தனித்தனிச் சிலிண்டர்களில் சுமந்து செல்வது முறை. கீழே கழித்த நேரத்தைவிட, மேலேறும் வழியில் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்தில் காத்துநிற்கும் நேரம் நீண்டதாக இருக்கும். இவற்றில் எந்த ஒன்றையும் குறைத்துக்கொண்டு இறங்கலாம் என்று கூறும் வழிகாட்டியை நாடாதிருப்பதே அறிவு.

பயிற்சி அவ்வளவு இல்லாதவர்க்கும் இக்கடல் கதவடைக்கவில்லை. மட்டக்களப்புக்கு வடக்கே, பாசிக்குடாவைத் தங்குமிடமாகக் கொண்டு செல்லத்தக்க தொலைவில், பிரிட்டிஷ் சார்ஜென்ட் ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. சூரிய ஒளி எட்டும் ஆழம் அது. அதே நாளின் அதே போரில், அதே படையின் கையால் மூழ்கியது. புதிதாகக் கற்றவர் பயிற்சியாளருடன் சென்று பார்க்கத்தக்கது. ஹெர்மிஸின் பெயர் பெரிது என்பதற்காக மட்டும் அதை நாடுவோர், முதலில் சார்ஜென்டில் சில முறை இறங்கிப் பழகிய பின்னும் அவ்வெண்ணம் தங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹெர்மிஸை நோக்கி இறங்கும் கயிற்றின் வழியே, நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. நீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது, பிறகு ஆரஞ்சையும் மஞ்சளையும். 30 மீட்டருக்குக் கீழே உலகம் நீலமும் சாம்பலும் மட்டுமே. அடியில் தெரியும் பெருநிழல் முதலில் மணல்மேடுபோல் தோன்றி, பிறகு விளிம்புகளும் கோணங்களும் பெற்றுக் கப்பலாகிறது. பீரங்கிக் குழல்கள் இன்னும் அடையாளம் காணத்தக்கவை. பின்புறத்தில் சுழலிகள் தெரிகின்றன. ஆனால் கப்பலின் உறுப்புகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கையகல இரும்புத் தகடு ஒன்றின் மேல் விளக்கொளியைப் பாய்ச்சி நிற்பது அதிகம் கற்பிக்கும். நீலத்தில் கருஞ்சாம்பலாகத் தெரிந்த பரப்பு, ஒளி பட்டதும் குருதிச் சிவப்பாக, ஆரஞ்சாக, ஊதாவாக எழுகிறது. சிவப்பாகப் படர்ந்திருப்பது கடற்பஞ்சு. தகட்டில் பதிந்து, நுண்ணிய துளைகளால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள உணவை வடித்துக்கொண்டு நீரை வெளிவிடும் உயிர் அது. அதனருகே சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு, விசிறி போன்ற தலையை நீட்டி, நிழல் பட்டதும் நொடியில் உள்ளிழுத்துக்கொள்ளும் குழாய்ப்புழு. அவற்றுக்கிடையே கொட்டலசுகள், அவற்றின் மேலேயே மற்றொரு கடற்பஞ்சு. ஒரு விரல் வைக்கவும் வெற்றிடமில்லை.

இது இவ்வாறு ஆனதற்குக் காரணம் மணல். மட்டக்களப்புக்கு வெளியே கடலடி பெரும்பாலும் வெறும் மணலே. நிலைத்த பிடிப்பு இல்லாததால், நீரோட்டத்தில் மிதந்துவரும் பவளம், கடற்பஞ்சு, சிப்பி ஆகியவற்றின் இளம்புழுக்கள் அங்கே ஊன்ற இயலாமல் அழிந்துபோகின்றன. ஓர் இரும்புச் சுவர் எழுந்ததும் அவற்றுக்கு நிலம் கிடைக்கிறது. முதலில் நுண்ணுயிர்ப் படலம், பிறகு கொட்டலசு, பிறகு கடற்பஞ்சும் மென்பவளமும் கடல்விசிறியும் என்று அடுத்தடுத்துக் குடியேற்றம் நடக்கிறது. ஒளி குறைந்த இந்த ஆழத்தில், ஒளியை நம்பிப் பாறைகட்டும் கடினப் பவளங்களைவிட, நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களை உண்டு வாழும் மென்பவளங்களும் கடல்விசிறிகளுமே செழிக்கத்தக்கவை. அவற்றை நாடிச் சிறுமீன்களும், சிறுமீன்களை நாடிப் பாரையும் சீலாவும், உடைந்த அறைகளின் இருளை நாடிக் களவாவும் அஞ்சாளையும் வருகின்றன. தமிழகக் கரையில் மீன்வளத்தைப் பெருக்குவதற்காகச் சிமெண்டுக் கட்டுமானங்களைக் கடலில் இறக்கிச் செயற்கைப் பார் அமைப்பதும், மரக்கிளைகளையும் கற்களையும் இறக்கி மீன் சேர்க்கும் பழைய வழக்கமும் இதே நியதியை நம்பியவைதான். அவை திட்டமிட்டுச் செய்யப்படுபவை. ஹெர்மிஸில் அதைச் செய்தவை குண்டுகள்.

இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. கப்பல் பாராக மாறியதைப் பற்றி எழுதுவோர் பலர், அழிவிலிருந்து அழகு பிறந்தது என்று மகிழ்ந்து முடித்துவிடுகின்றனர். கடற்பஞ்சு படர்ந்த அந்த இரும்புக்குள், வெளியேற வழியின்றி மூழ்கியவர்களின் எலும்புகள் கரைந்திருக்கின்றன. அது கல்லறை. பாரின் செழிப்பு அந்தச் சாவுக்கு ஈடாகாது. அதை நியாயப்படுத்தவும் செய்யாது. எனவே உள்ளறைகளுக்குள் நுழையாமல், எதையும் தொடாமல், எடுக்காமல் திரும்புவது வெறும் பாதுகாப்பு விதியல்ல, மாண்டோர்க்குச் செய்ய வேண்டிய கடமை.

சட்டத்தின் காப்பு இதற்கு எவ்வளவு உள்ளது என்று பார்த்தால் கவலையே மிஞ்சுகிறது. போரில் மூழ்கிய கப்பல்களைக் காக்கப் பிரித்தானியா 1986இல் இயற்றிய சட்டம் தன் கடற்பரப்புக்கும் பன்னாட்டுக் கடற்பரப்புக்கும் உரியது. ஹெர்மிஸோ இலங்கையின் ஆட்சிக்குட்பட்ட கடலுக்குள் கிடக்கிறது. நீரடிப் பண்பாட்டு மரபுக்கான யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, நூறாண்டுகள் நீரில் இருந்தவற்றையே மரபுச் செல்வமாகக் கொள்கிறது. ஹெர்மிஸ் அந்த வயதை எட்டுவது 2042இல். அதுவரை காத்திருக்க முடியாது என்பதற்கு ஜாவாக் கடல் சான்று. 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே மூழ்கிய டச்சு, பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சில, பழைய இரும்புக்கும் வெண்கலத்துக்குமாகச் சிறிது சிறிதாக அறுத்து எடுக்கப்பட்டுவிட்டன என்பது 2016இல் தெரியவந்தபோது, கடலடியில் எஞ்சியிருந்தவை அவற்றின் தடங்கள் மட்டுமே. ஹெர்மிஸை இதுவரை காத்தது அதன் ஆழமும், பல ஆண்டுகள் இக்கரையைச் சூழ்ந்திருந்த உள்நாட்டுப் போருமே. 2009இல் போர் ஓய்ந்தது. ஆழத்தை வெல்லும் கருவிகள் மலிந்துவருகின்றன. சட்டத்துக்குப் புறம்பான வெடி மீன்பிடிப்பும் சிதைவுகளுக்குப் பெரும்பகை. ஒரு வெடி, மீனோடு சேர்த்து, பல்லாண்டுகளாக இரும்பின் மேல் படிந்த உயிர்ப்படலத்தையும் உதிர்த்துவிடுகிறது.

அந்தப் படலம் உதிர்வது கப்பலுக்கும் கேடு. திறந்த இரும்பு கடல்நீரில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவுக்கு அரிக்கப்படுகிறது. சிப்பியும் கடற்பஞ்சும் மூடிய இரும்பு, ஆக்சிஜன் எளிதில் எட்டாததால், மெதுவாகவே அரிக்கப்படும். இரும்பு உயிர்களைத் தாங்குகிறது, உயிர்கள் இரும்பைப் போர்த்திக் காக்கின்றன. என்றாலும் ஒரு நாள் தகடுகள் மடிந்து மணலில் சரியவே செய்யும். ஆகவே இன்றே அளந்து, படமெடுத்து, எந்தப் பகுதி எந்நிலையில் உள்ளது என்று ஆவணப்படுத்தும் பணி, கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் பங்கேற்போடு தமிழிலும் நடைபெற வேண்டும்.

இந்தியாவுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டிய காரணமும் உண்டு. மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கி 1959இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்த அடுத்த ஹெர்மிஸ்தான், 1987இல் ஐ.என்.எஸ். விராட் என்னும் பெயரில் இந்தியக் கொடியேற்றி, 2017 வரை பணியாற்றியது. அதை அருங்காட்சியகமாகவும் கடல்சார் சுற்றுலா மையமாகவும் ஆக்கும் திட்டங்கள் பேசப்பட்டன; மராட்டிய அரசு 2018இல் சிந்துதுர்க் கரையருகே அதற்கு இசைவும் அளித்தது. எதுவும் கைகூடாமல், 2020இல் அது குஜராத்தின் அலங் கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது. கடலூரின் பெயரையே தாங்கிய ஐ.என்.எஸ். கடலூர் என்னும் கண்ணிவாரிக் கப்பல் 2018இல் ஓய்வுபெற்றபின், அதைப் புதுச்சேரிக் கடலில் இறக்கி நீரடி அருங்காட்சியகமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய முயற்சிகளில், எண்ணெயும் நச்சுப் பொருட்களும் முற்றிலும் அகற்றப்பட்டபின்பே கப்பல் இறக்கப்பட வேண்டும் என்பதையும், அதைச் சுற்றிய கடலில் வலைவீசும் உரிமை பற்றிக் கரையோர மீனவர்களோடு முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும் என்பதையும் மட்டக்களப்பின் சிதைவுகளைக் கண்டு திரும்புவோர் வலியுறுத்தலாம். மீன்கள் எங்கே கூடுகின்றன என்பதை வலையில் சிக்கும் மீனாலும் கிழியும் வலையாலும் அறிந்தவர்கள் அவர்களே. நாள்தோறும் அந்தக் கடல்மேல் செல்லும் அவர்களே, அனுமதியற்ற படகு ஒன்று அங்கே நங்கூரமிட்டு நின்றால் முதலில் காணக்கூடியவர்கள். அவர்களைக் காவலர்களாக ஏற்று, அதற்கு ஊதியமும் முக்குளிப்பு வருவாயில் பங்கும் வழங்கும் ஏற்பாடு கல்லடியிலும் பாசிக்குடாவிலும் தொடங்கப்பட வேண்டும். 2042 வரை அதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.